சத்தம் மாறினால் நிறுத்து

திருத்தணி மலைப்பாதையின் இரண்டாவது வளைவில் வண்டிக்கு இழுப்பு போய்விட்டது. அனுசுயா ஆக்சிலேட்டரை அழுத்தினாள். வண்டி ஏறாமல் முனகியது. வேகம் காட்டும் முள்ளுக்குக் கீழே இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. காலையில் எடுத்தபோது இல்லை, அடிவாரத்தைத் தாண்டும்போதும் இல்லை, இப்போது இருக்கிறது. வண்டிக்குள் நெல்லூரிலிருந்து வந்த ஒரு குடும்பம், ஆறு பேர். மூத்தவர் மடியில் பூக்கூடையோடு முன்னிருக்கையில் உட்கார்ந்திருந்தார். என்ன ஆயிற்று என்று அவர் தெலுங்கில் கேட்டார். ஒன்றுமில்லை, கொஞ்சம் மூச்சு வாங்குகிறது என்று அவளும் தெலுங்கிலேயே சொல்லிவிட்டு, முதல் கியருக்கு இறங்கி, நடந்து போகிறவர்கள் முந்திக்கொண்டு போகும் வேகத்தில் உச்சிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

மேலே போய் நின்றதும் முன்பக்க விசிறி பேய்போல இரைந்தது. காந்தல் வாடை வந்தது. அவள் சாவியைத் திருகி அணைத்தாள். குடும்பம் கோயிலுக்குள் போனது. மற்ற டிரைவர்கள் இருக்கையைச் சாய்த்துக்கொண்டு கண்ணயரும் நேரம் அது. அனுசுயாவால் உட்கார முடியவில்லை. வண்டியைச் சுற்றி வந்தாள். டயரைத் தொட்டுப் பார்த்தாள். டீசல் மூடியைத் திறந்து மறுபடி மூடினாள். கைப்பிடிச் சுவர் வரைக்கும் போய், கீழே தெரியும் ஊரையும் ஊரைக் கிழித்துக்கொண்டு போகும் தண்டவாளத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். மூன்று மாதத்தில் விளக்கு எரிவது இது நான்காவது தடவை.

வண்டி அவளுடையதல்ல. அடிவாரத்தில் இருபத்திரண்டு அறை லாட்ஜ் வைத்திருக்கும் இளங்கோவனுடையது. 'மலைக்குக் கார் உண்டு' என்று பலகையில் எழுதிப் போட்டுவிட்டு, தை மாதத்தில்தான் செகண்ட் ஹேண்டில் இந்த ஏழு பேர் உட்காரும் டீசல் வண்டியை வாங்கினார். படியேற முடியாதவர்களை ஏற்றிக்கொண்டு மேலே போக வேண்டும், தரிசனம் முடிந்ததும் கீழே கொண்டுவந்து விட வேண்டும். போக இரண்டு கிலோமீட்டர், வர இரண்டு கிலோமீட்டர். ஒரு நாளைக்கு ஏழெட்டு நடை.

இந்த நாலு கிலோமீட்டருக்காக அனுசுயா பட்ட பாடு கொஞ்சமல்ல. பொதட்டூர்பேட்டையில் பிறந்தவள். பதினாறு வயதில் பவர்லூம் ஷெட்டுக்குள் போனாள், கே.ஜி.கண்டிகைக்குக் கல்யாணமாகி வந்த பிறகும் பஸ் பிடித்து அதே வேலைக்குத்தான் போனாள். நாலு தறிக்கு ஒரு ஆள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு, அதிலிருந்து மறுபடி முதலாவதுக்கு, எட்டு மணி நேரம் நடந்துகொண்டே இருக்க வேண்டும். பத்தொன்பது வருஷத்தில் அவள் நடந்த தூரத்தை நீட்டிப் போட்டால் டெல்லிக்கே போய்த் திரும்பியிருக்கலாம். ஆனால் ஷெட்டுச் சுவரைத் தாண்டி ஓரடி போனதில்லை. மாலையில் வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது, திருப்பதிக்கும் சென்னைக்கும் பறக்கிற வண்டிகளைப் பார்த்தால் காலுக்குள் என்னவோ ஊரும். முப்பத்தாறாவது வயதில் யாரையும் கேட்காமல் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். நெல் அறுக்கும் இயந்திரம் ஓட்டிக்கொண்டு ஊர் ஊராய்ப் போகிற அவள் புருஷன் ராஜவேலு, அறுப்பு முடிந்து வந்து பார்த்தபோது அவள் கையில் லைசென்ஸ் இருந்தது. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, போட்டோ நன்றாக விழுந்திருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

ஷெட்டில் அவளுக்கு ஒரு பெயர் உண்டு. காதுக்காரி. நாலு தறியும் ஒரே நேரத்தில் அடிக்கிற அந்த இடிச்சத்தத்தில், மூன்றாவது தறியில் ஓர் இழை அறுந்தால் அவளுக்குத் தெரியும். நூலை இழுத்துக்கொண்டு குறுக்கே பாயும் நாடாவின் ஓசையில் ஒரு மயிரிழை வித்தியாசம் வந்தாலே கை சுவிட்சுக்குப் போய்விடும். நிறுத்திவிட்டுத்தான் என்னவென்று பார்ப்பாள். பார்த்துவிட்டு நிறுத்தலாம் என்று நினைக்கிறவர்களின் துணியில்தான் கோடு விழும், ஓட்டை விழும். அவள் நெய்த துணி ஒன்றுகூடக் கழிவென்று திரும்பி வந்ததில்லை.

அவள் வண்டியைக் கீழே கொண்டுவந்தபோது லாட்ஜ் வாசலில் இளங்கோவன் காத்திருந்தார். நெல்லூர்க்காரர் மேலேயிருந்து போன் செய்து, வேறு வண்டி அனுப்புங்கள் என்று கேட்டிருக்கிறார். இளங்கோவன் கத்துகிற மனிதரல்ல. கணக்குப் போடுகிற மனிதர். வைகாசியில் அனுசுயா காய்ச்சலாய்ப் படுத்திருந்த ஒரு வாரம், மணவூர்ப் பையன் பிரேம்குமார் இதே வண்டியை ஓட்டினான். அந்த ஒரு வாரத்தில் விளக்கு எரியவில்லை.

"அவன் ஓட்டினப்ப எரியல. நீ ஒக்காந்தா எரியுது. நான் இன்னான்னு நெனைக்கிறது, நீயே சொல்லும்மா."

திங்கட்கிழமையிலிருந்து பிரேம்குமாரை வரச்சொல்லப் போவதாக அவர் சொன்னார். ஆடிக் கிருத்திகைக்குப் பத்தே நாள், லாட்ஜ் நிரம்பி வழியும்போது வண்டி படுத்துக்கொண்டால் தாங்காது. அவளுக்கு வேண்டுமானால் அறை துடைக்கிற வேலை இருக்கிறது என்றார். அதை அவர் நல்ல மனசோடுதான் சொன்னார். அது அவளை இன்னும் அதிகமாகச் சுட்டது.

அன்று வெள்ளிக்கிழமை. கையில் இரண்டு நாள். வண்டியை நேராக அரக்கோணம் ரோட்டில் இருக்கும் கௌதமனின் ஒர்க்ஷாப்புக்கு ஓட்டினாள்.

இந்த விளக்கைப் பற்றி கார் ஸ்டாண்டில் ஆளுக்கு ஒரு வைத்தியம் வைத்திருந்தார்கள். டீசலில் தண்ணீர் கலந்திருக்கும் என்றார் ஒருவர். பேட்டரி ஒயரைக் கழற்றிப் பத்து நிமிஷம் வைத்து மாட்டினால் போய்விடும் என்றார் இன்னொருவர். அதை இரண்டு தடவை செய்து பார்த்தாள். விளக்கு போனது, மூன்றாம் நாள் திரும்பி வந்தது. கௌதமன் அப்படி ஆரூடம் சொல்கிறவனல்ல. ஸ்டீயரிங்குக்குக் கீழே ஸ்கேனரைச் செருகி, என்ன கோளாறு என்று வண்டியையே கேட்பான். போன மாதம் அப்படிக் கேட்டு, புகைக்குழாயில் இருக்கும் ஒரு சென்சாரை மாற்றினான். ஒன்பது நாள் தாங்கியது.

"திரும்பவுமா அக்கா?" என்றபடி அவன் வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்தான். முப்பது வயதுக்காரன். தான் மாற்றிய சென்சார் வீண் என்று தெரிந்தபோது அவன் முகமும் சுண்டிப்போனது. இந்த முறை அவசரப்படாமல் ஸ்கேனரில் ஒவ்வொரு பக்கமாகத் திறந்து படித்தான். அவள் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தாள், எழுந்தாள், வாசல் வரைக்கும் போனாள், வந்தாள். அவன், நடக்காதீங்க அக்கா, எனக்கே தலை சுத்துது என்றான்.

கடைசியில் அவன் விளக்கினான். புகைக்குழாய்க்குள் ஒரு ஃபில்டர் இருக்கிறது. புதுச் சட்டப்படி வந்த டீசல் வண்டிகள் எல்லாவற்றிலும் உண்டு. புகையில் இருக்கும் கரியை அது பிடித்து வைத்துக்கொள்ளும். ஓரளவு சேர்ந்ததும் வண்டி தானாகவே கூடுதல் டீசலை விட்டு, உள்ளே சூடேற்றி, அந்தக் கரியை எரித்துச் சாம்பலாக்கிவிடும். அதற்கு இருபது நிமிஷமாவது வண்டி வேகமாக, நிற்காமல் ஓட வேண்டும். இந்த வண்டியில் கரி எண்பத்திநாலு சதவீதம் ஏறியிருக்கிறது. அதனால்தான் இழுப்பு இல்லை. தொண்ணூற்றைந்தைத் தாண்டினால் ஓட்டி எரிக்க முடியாது. கழற்றிச் சென்னைக்கு அனுப்ப வேண்டும்.

"எத்தினியோ தடவ எரிக்க ஆரம்பிச்சிருக்குது அக்கா. ஒண்ணுகூட முடியல. கடைசியா முடிச்சது நாப்பத்தெட்டாயிரத்து இருநூத்திப் பன்னெண்டு கிலோமீட்டர்ல."

அந்த எண்ணைக் கேட்டதும் அனுசுயா நின்றுவிட்டாள். காய்ச்சலில் படுப்பதற்கு முன்னால் வண்டியை நாற்பத்தெட்டாயிரத்துச் சொச்சத்தில்தான் ஒப்படைத்தாள். திரும்பி வந்து சாவியை வாங்கியபோது, மலை ஏறி இறங்கிய தூரத்தைவிட இருநூற்றைம்பது கிலோமீட்டர் அதிகம் ஓடியிருந்தது. அதை அன்றைக்கே கவனித்தாள். ஒருவனுடைய பிழைப்பில் மண்ணைப் போடுவானேன் என்று வாயைத் திறக்கவில்லை.

பிரேம்குமார் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு வாடகைக் காரில், பாட்டை அலறவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் கண்ணாடியைத் தட்டியது அவனுக்குக் கேட்கவில்லை. கதவைத் திறந்து, பாட்டை அணைத்து, அந்த ஒரு வாரம் வண்டியை எங்கே கொண்டுபோனாய் என்று நேராகக் கேட்டாள்.

"அக்கா, சார்கிட்ட சொல்லிடாதீங்க. கொழந்த பொறந்து பதினேழு நாள்தான் ஆயிருந்துச்சு. சாயங்காலம் ஆச்சுன்னா மணவூருக்குப் போய்ப் பாத்துட்டு வெடிகாலையில வந்துடுவேன். டீசல் நான்தான் ஊத்தினேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, எரிச்சலும் வந்தது. அவன் திருட்டுத்தனமாக மணவூருக்குப் போகவும் வரவும் தினமும் ஓட்டிய இருபத்தைந்து இருபத்தைந்து கிலோமீட்டர்தான் வண்டிக்கு மருந்தாக இருந்திருக்கிறது. ஆனால் அது மட்டுமே காரணம் என்றால் அவளுக்கு அமைதி வந்திருக்கும். வரவில்லை. எரிக்க ஆரம்பித்து, ஒன்றுகூட முடியவில்லை என்று கௌதமன் சொன்னது உறுத்திக்கொண்டே இருந்தது. ஆரம்பித்ததை யார் நிறுத்தியது?

மலைமேல் போய் நிற்கும்போது விசிறி இரையுமே, காந்தல் வாடை வருமே, அப்போது நீ என்ன செய்வாய் என்று கேட்டாள்.

"எந்தச் சத்தம்க்கா?" என்றான் பிரேம்குமார். "நான் பாட்டு வெச்சிகினு ஏசி போட்டுகினு படுத்திருப்பேன். இன்ஜினே கழண்டு வுழுந்தாலும் எனக்குத் தெரியாது."

அனுசுயா அவனுடைய கார்க் கதவைப் பிடித்தபடியே நின்றாள். ஒவ்வொரு நடையிலும், ஓசை ஏறிய அந்த நொடியில், யோசிப்பதற்கு முன்பே அவள் கை சாவியைத் திருகியிருக்கிறது. வண்டி சூடாகிவிட்டது, களைத்துவிட்டது, கொஞ்சம் ஆறட்டும் என்று நினைத்திருக்கிறாள். அது களைப்பு அல்ல. அது உள்ளே இருக்கும் கரியை எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும் நேரம். பாதியில் அணைத்தாள், மறுநாள் அது மறுபடி ஆரம்பித்தது, மறுபடி அணைத்தாள். காது இல்லாதவன் கையில் வண்டி நன்றாக இருந்தது. காதுக்காரி கையில் கெட்டது.

கௌதமனிடம் திரும்பி வந்து இதைச் சொன்னாள். மணவூர் விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. அவன் தலையில் அடித்துக்கொண்டான். ஒரு டிரைவர் இப்படிச் சத்தம் கேட்டு நிறுத்துவான் என்று தனக்குத் தோன்றவே இல்லை என்றான். ஸ்கேனரில் பழைய கோளாறை அழித்து விளக்கை அணைத்தான். நாளைக்கு மெயின்ரோட்டில் அறுபது, எழுபதில் நிற்காமல் ஓட்டுங்கள், எந்தச் சத்தம் வந்தாலும் என்ன நாற்றம் அடித்தாலும் சாவியைத் தொடாதீர்கள் என்றான். கரி எரிந்துவிட்டால் விளக்கு வராது. எரியவில்லை என்றால் பத்து இருபது கிலோமீட்டருக்குள் திரும்ப வந்துவிடும், வந்தால் சென்னைதான்.

அந்த நேரத்தில் இளங்கோவனின் போன் வந்தது. கௌதமன் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே பேசினான். ஏதோ சென்சார் சிக்கல் சார், ஒரு ஓட்டம் ஓட்டிப் பார்த்தால் சரியாகிவிடும் என்றான். போனை வைத்துவிட்டு அவளைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான். அவள் நன்றி சொல்லவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

வீட்டுக்கு வந்து அடுப்படியில் நின்றாள். சென்சார் என்றே இருந்துவிட்டால் வண்டி அவள் கையில் இருக்கும். ஆனால் வாரத்துக்கு ஒரு நீண்ட ஓட்டம் இல்லாமல் இந்த வண்டி பிழைக்காது. காரணம் சொல்லாமல் அந்த ஓட்டத்தை இளங்கோவனிடம் கேட்க முடியாது. உண்மையைச் சொன்னால், மூன்று மாதம் வண்டியைக் கெடுத்தவள் நீதானா என்பார். சொல்லாவிட்டால் இருபது நாளில் விளக்கு தானே வந்து சொல்லிவிடும். பாத்திரங்களைத் துலக்கினாள். துலக்கியவற்றையே மறுபடி துலக்கினாள்.

சனிக்கிழமை காலையில் இளங்கோவன் தானும் வருவதாகச் சொல்லி முன்னிருக்கையில் ஏறினார். ஆந்திரா பக்கம் போனால் பர்மிட் கேட்பான் என்பதால் திருவள்ளூர் ரோட்டைப் பிடித்தார்கள். டோல்கேட்டுக்கு முன்னாலேயே திரும்பிவிட வேண்டும், வெறும் வண்டிக்குச் சுங்கம் கட்டுவது பாவம் என்று அவர் ஏறும்போதே சொல்லிவிட்டார்.

கனகம்மாசத்திரம் வரைக்கும் ஒன்றும் நடக்கவில்லை. நாலாவது கியர், அறுபத்தைந்து. இரண்டு பக்கமும் கரும்பும் செங்கல் சூளையும் பின்னால் ஓடின. அனுசுயாவின் கண் சாலைக்கும் விளக்கு வரும் இடத்துக்குமாகத் தாவிக்கொண்டிருந்தது. பிறகு அந்தச் சத்தம் வந்தது. இன்ஜினின் ஓசை அடித்தொண்டைக்கு இறங்கியது. எங்கோ ஒரு கனத்த உறுமல். காந்தல் வாடை ஜன்னல் வழியாக உள்ளே நுழைந்தது. அவள் இடது கை கியரை விட்டு எழுந்து, சாவிப்பக்கம் பாதிதூரம் போய்விட்டது. அதைப் பார்த்துப் பிடித்து இழுத்து ஸ்டீயரிங்கின்மேல் வைத்தாள்.

இளங்கோவன் மேலே இருந்த பிடியைப் பற்றிக்கொண்டார். என்னவோ கருகுகிறது, ஓரங்கட்டு என்றார். அவள் ஓட்டினாள். லாரி ஒன்றைத் தாண்டினாள். அவர் இன்னும் உரக்கச் சொன்னார். தூரத்தில் டோல்கேட்டின் கூரை தெரிந்தது. அதற்கு முன்னால் திரும்புகிற இடைவெளி வந்துகொண்டிருந்தது.

"இங்கயே திருப்பி நிறுத்தும்மா. எரிஞ்சிடப் போவுது."

"நிறுத்தக் கூடாதுங்க சார்."

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"சென்சார்லாம் ஒண்ணுமில்லீங்க. வண்டி கரியை எரிக்கிற சத்தம் இது. மலைமேல இந்தச் சத்தம் வர்றப்பல்லாம் நான்தான் அணைச்சிட்டேன். தறியில அப்படித்தான், சத்தம் மாறினா நிறுத்திடணும். கை பழகிப்போச்சு. நான் அணைச்சி அணைச்சித்தான் அடைச்சிக்கிச்சு. இப்பவும் நிறுத்தினா, கழட்டித்தான் ஆவணும்."

திரும்புகிற இடைவெளி பக்கவாட்டில் வந்து பின்னால் போய்விட்டது. டோல்கேட்டில் வேகத்தைக் குறைத்து, தடுப்பு எழும்பியதும் மறுபடி கூட்டினாள். பணம் போன செய்தி இளங்கோவனின் போனில் டிங்கென்று அடித்தது. அவர் அதைப் பார்க்கவில்லை.

உறுமல் அடங்கவில்லை. ஐந்து நிமிஷம். ஏழு நிமிஷம். அடுத்த நிமிஷம் விளக்கு வந்துவிடும் என்று ஒவ்வொரு நிமிஷமும் நினைத்தாள். திருவள்ளூருக்கு எட்டு கிலோமீட்டர் என்ற பலகையைத் தாண்டும்போது, தறி நின்றதுபோல, கனத்த ஓசை சட்டென்று கழன்று விழுந்தது. வண்டி லேசானது. கால் வைத்ததும் தாவியது. வாடை காற்றில் போய்விட்டது. விளக்கு இருக்க வேண்டிய இடம் கருப்பாகவே இருந்தது.

"முடிஞ்சிதா?" என்றார்.

"ஆங். முடிஞ்சிது."

கௌதமன் ஏன் சென்சார் என்றான் என்று கேட்டார். அவன் தனக்காகச் சொன்னான், தான் சொல்லச் சொல்லவில்லை, ஆனால் தடுக்கவும் இல்லை என்றாள். இது மாதிரி எத்தனை நாளுக்கு ஒருமுறை ஓட்ட வேண்டும் என்று கேட்டார். வாரத்துக்கு ஒருமுறை என்றாள். வாரத்துக்கு ஒருமுறை வெறும் வண்டியை ஓட்டுவதா என்று அவர் ஜன்னலிடம் கேட்டார். பிறகு போனை எடுத்தார். பிரேம்குமாரைத்தான் கூப்பிடப்போகிறார் என்று அவள் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்தாள்.

அவர் பேசியது திருவள்ளூரில் ஒரு லாண்டரிக்காரரிடம். லாட்ஜின் பெட்ஷீட்டும் தலையணை உறையும் இப்போது திருத்தணியிலேயே சலவைக்குப் போகின்றன; வெளுப்பு சரியில்லை என்று ஆறுமாதமாகச் சண்டை. நாங்களே மூட்டையைக் கொண்டுவந்து போட்டு, நாங்களே எடுத்துக்கொண்டால் என்ன விலை போடுவீர்கள் என்று கேட்டார். கொஞ்சம் பேரம் பேசினார். போனை வைத்தார்.

"புதன்கெழம மலையில கூட்டம் இருக்காது. பெட்ஷீட்டை ஏத்திகினு வந்து போட்டுட்டு வா."

"நானா சார்?"

"பின்ன? அந்தப் பையன் பாட்டு வெச்சான்னா லாட்ஜு ஜன்னலே ஆடுது. இனிமே சத்தம் கேட்டா எங்கிட்ட சொல்லு. அணைக்காத."

இப்போது திரும்பிவிடட்டுமா என்று கேட்டாள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு கட்டிவிட்ட சுங்கத்தை நினைத்துக்கொண்டதுபோல உதட்டைப் பிதுக்கினார். வந்ததே வந்தோம், லாண்டரிக் கடையைப் பார்த்துவிட்டே போகலாம், ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் என்றார். அனுசுயா ஐந்தாவது கியரைப் போட்டு, முன்னால் நகர்ந்துகொண்டிருந்த பஸ்ஸைத் தாண்டுவதற்காக ஹாரனை அடித்தாள்.